விற்ற பின் வெளியேறுவதா, வெளியேறிய பின் விற்பதா?

லா சப்பல் மெற்றோ நிலையப் படிகளால் இறங்கி, ஃபோபூர் சென் டெனி வீதியில் கார் டு நோர் பக்கமாக நடப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். மரக்கறிக் கடை வாசலிலும் தேநீர்க் கடை மூலையிலும் எம்மவர்கள் இருவர் மூவராக நின்று உரையாடிக்கொண்டிருப்பார்கள். முன்னொரு காலத்தில் அந்த உரையாடல்கள் ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன என்று மூத்தவர்கள் கூறுவர். யாருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது, யாருக்கு மறுப்புக் கடிதம் வந்தது என்பதே அன்றைய செய்தி. இன்று அதே வாசலில் வங்கி வட்டி பற்றியும் நொத்தேர் கட்டணம் பற்றியும் பேசப்படுகின்றது. ஆனால் அதே நடைபாதையில், பிளாஸ்ரிக் உறையில் இட்ட கோவையொன்றை மார்போடு அணைத்தபடி முகவரி விசாரித்து நிற்கும் புதிய முகங்களும் இல்லாமற் போய்விடவில்லை. வீடு விற்க நினைப்பவரும் படுக்க இடம் தேடுபவரும் ஒரே தேநீர்க் கடையில் நிற்கின்ற இடம் இது.

அங்கேதான் அண்மையில் ஓர் அன்பர் என்னை மறித்தார். நான் ஒரு காலத்திற் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவன் என்பதால், கற்பித்த பாடம் எதுவாயினும் எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

“சேர், வீட்டை வித்துப்போட்டு வெளிக்கிடுறதோ, வெளிக்கிட்டுப்போட்டு விக்கிறதோ? எது புத்தி?”

அவர் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் லா கூர்நெவ் பகுதியில் நான்காம் மாடியில் மூன்று அறை கொண்ட வீடொன்றை வங்கிக் கடனில் வாங்கியவர். மின்தூக்கி அடிக்கடி பழுதாகின்றது. மாமனாருக்கு முழங்கால் இயலாது. வைத்தியரிடம் போவதற்கன்றி அவர் கீழே இறங்குவதில்லை. சென் எ மார்ன் பகுதியில் நிலமட்டத்தில் ஓர் அறையும் சிறு தோட்டமும் உள்ள வீடொன்று கண்ணிற் பட்டிருக்கின்றது. அதன் உரிமையாளர் அதிக காலம் காத்திருக்க மாட்டார்.

“நாங்கள் முதல் அங்க போவம். இஞ்ச மருமகன் இருப்பான். வீடு பூட்டிக் கிடந்தாப் பழுதாப் போயிடும் சேர்.”

மருமகன் என்று அவர் சொன்னது அக்காவின் மகனை. புகலிட விண்ணப்பம் கொடுத்துவிட்டு, அவரது வீட்டு மண்டபத்திற் படுத்துறங்கும் இளைஞன்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ‘வீடு பூட்டிக் கிடந்தால் பழுதாகிவிடும்’ என்ற அதே வசனத்தை என் தந்தையாரின் வாயிலிருந்தும் கேட்டவன் நான். அந்த வசனம் எங்கிருந்து வருகின்றது, இந்த நாட்டில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்ந்த பின்னரே அவரது கேள்விக்கு விடை கூறுவது முறை எனப் பட்டது.

விற்காமல் வெளியேறியவர்கள்

எம்மிற் பெரும்பாலோர் வீட்டை விற்றுவிட்டு வெளியேறியவர்கள் அல்லர். 1990 ஆம் ஆண்டு யூன் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமங்களிலிருந்து வெளியேறிய மக்கள் சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றே நினைத்தனர். அந்த நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. இரு தசாப்தங்களுக்குப் பின்னரே அவற்றின் பகுதிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. அதே 1990 ஒக்ரோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்துடன் வெளியேற்றப்பட்டனர். அவர்களும் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் அல்லர் என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நடந்தது.

அந்த இரவில் எனக்குப் பதினான்கு வயது. மழை. தந்தையார் வீட்டின் முன்கதவைப் பூட்டி, திறப்பை வேட்டி மடிப்பிற் சொருகினார். பின்கதவுக்கு உட்தாழ்ப்பாள் மட்டுமே இருந்தது. அதைச் சரிபார்க்க மூன்று தடவை உள்ளே போய் வந்தார். அடுத்த ஆண்டு நாம் திரும்பி வந்தபோது திறப்புப் பத்திரமாக இருந்தது, கதவுதான் இருக்கவில்லை. அன்று அவர் சொன்ன வசனமே அது: “ஒரு ஆளையாவது விட்டிட்டுப் போயிருக்க வேணும். பூட்டிக் கிடந்தா வீடு பழுதாப் போயிடும்.”

ஆகவே, ‘வெறுமையாக விட்ட வீடு போய்விடும், உறவினர் ஒருவரை இருத்தினால் நிலைக்கும்’ என்பது எமக்கு அனுபவம் கற்பித்த பாடம். பாடம் பொய்யல்ல. ஆனால் ஓர் ஊரில் வீட்டைக் காத்த வழக்கம் மற்றோர் ஊரில் வீட்டுக்காரரின் பணத்தையும், வீட்டில் இருத்தப்பட்டவரின் நிம்மதியையும் ஒருசேரக் கெடுக்கக்கூடும்.

இந்நாட்டின் நடைமுறை

பிரான்சில் ஒரு வீடு கைமாறுவது இரண்டு கையெழுத்துக்களுக்கு இடையில் நிகழும் ஒரு நீண்ட காத்திருப்பு. முதலாவது, கொம்புறோமி து வோந்த் எனப்படும் முன்விற்பனை ஒப்பந்தம். இரண்டாவது, நொத்தேர் முன்னிலையில் எழுதப்படும் இறுதி உறுதி. இவ்விரண்டுக்கும் இடையில் வழக்கமாக மூன்று மாதங்கள் செல்லும்.

முதற் கையெழுத்தின் பின் வாங்குபவருக்கு மனம் மாறுவதற்கென 10 நாட்களைச் சட்டம் அளிக்கின்றது. 2015 வரை இது 7 நாட்களாக இருந்தது. விற்பவருக்கு அத்தகைய அவகாசம் இல்லை, கையெழுத்திட்டால் கட்டுப்பட்டவரே. வாங்குபவர் கடன் எடுப்பதாயின், கடன் கிடைக்காதவிடத்து அவர் தண்டமின்றி விலகலாம் என்ற நிபந்தனையும் இருக்கும். நகரசபைக்கு முன்வாங்கும் உரிமை உள்ள பகுதிகளில் அதன் பதிலுக்கென இரண்டு மாதம் வரை காத்திருக்க வேண்டும். இவை யாவும் கடந்த பின்னரே பணம் கைக்கு வரும்.

இந்த மூன்று மாதங்களை அறிந்தவருக்குக் கேள்வியின் பாதி தானாகவே தீர்ந்துவிடும். வாங்குபவர் ஒருவர் அகப்பட்ட அன்றே பெட்டி கட்ட வேண்டியதில்லை. வீட்டில் இருந்துகொண்டே விற்பனைக்கு விட்டு, முதற் கையெழுத்தின் பின் புதிய வீட்டை உறுதிப்படுத்தி, இரண்டு இறுதி உறுதிகளையும் ஒரே கிழமையில் அமைத்துக்கொள்வோர் உண்டு. வாங்குபவர் இணங்கினால், விற்பனை முடிந்த பின்னும் சில கிழமைகள் தங்கியிருப்பதற்கு உறுதியிலேயே இடம் வைக்கலாம். குறித்த நாளில் வீட்டை ஒப்படைப்பதற்குப் பிணையாக ஒரு தொகையை நொத்தேர் தம்மிடம் நிறுத்தி வைப்பதும் வழமை.

இருந்துகொண்டே விற்பதிற் சங்கடங்கள் இல்லாமலில்லை. பார்வையிட வருபவர்களுக்காக மாலைதோறும் வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் எழுந்து கதவு திறக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளிற் பார்வையாளரை வரச் சொல்லாதீர்கள் என்று எமக்கு யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அவர்கள் திரும்பி வராதபோது நாமே விளங்கிக்கொள்கின்றோம். மண்டபத்தில் மடித்து வைத்த மெத்தைகள் மூன்று அறை வீட்டை இரண்டு அறையாகக் காட்டும். இவை உண்மையான சங்கடங்கள். ஆயினும் எவையும் மாதாந்தம் பணம் கேட்பவை அல்ல.

முதலில் வெளியேறுவதன் விலை

முதலில் வெளியேற விரும்புபவருக்கு வங்கிகள் ஒரு பாலம் இட்டுத் தருகின்றன. பிறே ரிலே எனப்படும் இடைக்காலக் கடன் அது. பழைய வீட்டின் மதிப்பில் ஒரு பங்கை, பொதுவாக 50 முதல் 80 வீதம் வரை, வங்கி முற்பணமாகத் தரும். பழைய கடனில் மீதியிருப்பின் அது கழிக்கப்படும். தவணை வழமையாக ஓராண்டு. மேலும் ஓராண்டு நீடிக்கப்படலாம். அதற்குள் வீடு விற்கப்பட்டேயாக வேண்டும். விற்கப்படாதுவிடின், விலையைத் தீர்மானிப்பவர் நீங்களல்லர், நாட்காட்டி.

அன்பரின் கணக்கை முழு எண்களாக்கிக் கடதாசியில் எழுதினோம். வீட்டின் மதிப்பு 200,000 யூரோ எனக் கொள்வோம். வங்கி 70 வீதத்தை ஏற்றால் 140,000. பழைய கடன் மீதி 60,000. கைக்கு வருவது 80,000. அதற்கு ஆண்டுக்கு 4 வீத வட்டி எனில் மாதம் ஏறத்தாழ 267 யூரோ. பழைய கடனின் மாதத் தவணை 700. அதிற் பெரும்பகுதி முதலைக் குறைப்பதாயினும் மாதந்தோறும் கையிலிருந்து போகும் பணமே. தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம் 220. நிலவரி மாதத்துக்கு 100 அளவில். காப்புறுதியும் மின்சாரமும் 30. கூட்டினால் 1,317 யூரோ. புதிய வீட்டின் கடன் தவணை இதற்கு வெளியே. ஆறு மாதம் வெறுமையாக இருந்தால் 7,900 யூரோவுக்குச் சற்று மேல். ஓராண்டு இருந்தால் 15,800.

அன்பர் கடதாசியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்திற் பத்தாயிரம் குறைத்து விற்பதும் ஏழெட்டு மாதம் வெறும் வீட்டைச் சுமப்பதும் ஏறக்குறைய ஒரே விலைதான் என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று. நிலவரி பற்றியும் ஒரு சொல்: யனவரி முதலாந் திகதி யார் உரிமையாளரோ அவர் பெயரிலேயே அந்த ஆண்டுக்கான முழு வரியும் வரும். விற்கும் நாளிலிருந்து ஆண்டு முடிவு வரையான பங்கை வாங்குபவரிடம் பெறுவதற்கு உறுதியில் எழுதிக்கொள்வது வழக்கம். கேட்காமல் விடுவோரும் உண்டு.

வெறும் வீட்டுக்கு வேறு இரு கவனிப்புகளும் தேவை. பல காப்புறுதி ஒப்பந்தங்களில், குறித்த நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டிற் களவு போனால் ஈடு கிடையாது என்ற வாசகம் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியேறுமுன் அதனை வாசித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அத்துமீறிக் குடியேறுவோர் பற்றிய அச்சமும் உண்டு. 2023 யூலை 27 ஆந் திகதிச் சட்டம் இதற்கான தண்டனையை மூன்றாண்டுச் சிறையும் 45,000 யூரோத் தண்டமுமாக உயர்த்தியது. உரிமையாளரின் தளபாடங்கள் உள்ள வீட்டை, அவர் அங்கே வசிக்காதபோதும், அவரது வதிவிடமாகவே அச்சட்டம் கொள்கின்றது. ஆதலால் முற்றாகத் துடைத்து விடாமல் ஒரு கட்டில், மேசை, கதிரைகளை விட்டுச் செல்வது புத்தி. தந்தையாரின் காலத்தில் ஓர் ஆளைக் கொண்டு செய்ய வேண்டியிருந்ததை இங்கே ஒரு மேசையும் ஓரளவு செய்துவிடுகின்றது.

மருமகனை இருத்துவதில் உள்ள பொறி

இனி முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். தாம் வசித்த பிரதான வதிவிடத்தை விற்கும்போது கிடைக்கும் இலாபத்துக்குப் பிரான்சில் வரி இல்லை. வீட்டைவிட்டு முதலில் வெளியேறியவருக்கும் இந்தச் சலுகை உடனே அற்றுப்போவதில்லை. வெளியேறும்வரை அது பிரதான வதிவிடமாக இருந்திருக்க வேண்டும். வீடு விற்பனைக்கு விடப்பட்டிருக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள், சாதாரண நிலையில் ஓராண்டுக்குள், விற்கப்பட வேண்டும். ஆனால் இந்த இடைக்காலத்தில் வீட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கக் கூடாது. வேறொருவர் இலவசமாகவேனும் அங்கே குடியிருக்கக் கூடாது. அந்த வேறொருவர் அக்காவின் மகனாயினும் விதி மாறாது.

சலுகை போனால், செலவுகளுக்கும் வைத்திருந்த ஆண்டுகளுக்குமான கழிவுகள் போக எஞ்சும் இலாபத்தில் 19 வீத வரியும் அதற்கு மேற் சமூகப் பங்களிப்புகளும் அறவிடப்படும். இரண்டும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கை விஞ்சும். வீடு காக்க இருத்திய மருமகன், அவனறியாமலே, மாமனின் கையிலிருந்து பணத்தை எடுத்துவிடுகின்றான்.

‘சும்மா இருக்கட்டும், மின்சாரக் காசை மட்டும் தரட்டும்’ என்பார்கள் சிலர். ‘மாதம் முந்நூறு தரட்டும்’ என்பார்கள் வேறு சிலர். மாதந்தோறும் பணம் கைமாறினால், எழுத்தில் ஒன்றும் இல்லாவிடினும், இந்நாட்டுச் சட்டம் அதனை வாய்மொழி வாடகை ஒப்பந்தமாக ஏற்கக்கூடும். அவ்வாறாயின் 1989 யூலை 6 ஆந் திகதிய வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. தளபாடமற்ற வீடாயின், விற்பதற்காக வெளியேறச் சொல்வதற்கு ஒப்பந்த முடிவுக்கு ஆறு மாதம் முன்னர் முறைப்படி அறிவிக்க வேண்டும். வீட்டை வாங்கும் முதல் வாய்ப்பையும் அவருக்கே அளிக்க வேண்டும். ஆள் உள்ள வீட்டை வாங்க வருபவர் விலையையும் குறைத்தே கேட்பார். உறவு நல்லபடியாக இருக்கும்வரை இவை எதுவும் நினைவுக்கு வராது. உறவு கெட்ட அன்று எல்லாம் ஒன்றாக வரும்.

இதுவரை வீட்டுக்காரரின் பக்கம். அந்த இளைஞனின் பக்கம் நின்று பார்ப்பவர் குறைவு. விற்கப்படவிருக்கும் வீட்டில் இருத்தப்படுபவன் எத்தனை மாதத்துக்கு இருத்தப்படுகின்றான் என்பது அவனுக்குத் தெரியாது. வீடு விற்ற மறுநாள் அவன் எங்கே படுப்பான்? புகலிடம் கோருபவருக்கு முகவரி என்பது வெறும் கதவிலக்கம் அன்று. மாறினால் உரிய இடங்களுக்கு அறிவித்தேயாக வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அறிவித்தல் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் தேசியப் புகலிட நீதிமன்றில் மேன்முறையீடு செய்ய வேண்டும். ஒரு கடிதம் பழைய வீட்டின் தபாற்பெட்டியில், புதிய உரிமையாளரின் விளம்பரத் தாள்களுக்கிடையிற் கிடந்தால், அந்த ஒரு மாதம் ஒரு வாழ்க்கையையே கொண்டு போய்விடும். ‘வீடு காக்க ஓர் ஆள்’ என்று நாம் எளிதாகச் சொல்லும் அந்த ஆளுக்கு, காக்க வேண்டிய வேறொன்று இருக்கின்றது.

ஊரில் உள்ள வீடு

அப்படியானால் ஊரில் ஆளை இருத்துவது சரிதானே என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கும் வீட்டைக் காப்பது ஆள் மட்டுமன்று, கடதாசியும்தான்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியை உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்தாண்டு ஆண்டுவருபவர் அதற்கு உரித்துக் கோரலாம். ‘எதிராக’ என்ற சொல்லே இதன் உயிர்நாடி. உரிமையாளரின் அனுமதியுடன் குடியிருப்பவரின் ஆட்சி எதிரான ஆட்சி ஆகாது. கூட்டுரிமையாளரான சகோதரர் ஒருவர் தனித்து ஆண்டுவருவதும் தன்னளவில் மற்றவர்க்கு எதிரானதாகாது என 1911 இல் கொறயா எதிர் இசெறிஸ் அப்புகாமி வழக்கிற் கோமறைக் கழகம் தீர்த்தது. ஆனால் அனுமதி இருந்தது என்பதைக் காட்ட வேண்டியவர், கடல் கடந்து பாரிசில் இருப்பவர்.

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தந்தையார் காலமான பின், எமது வீட்டில் அறிந்த குடும்பமொன்றை வாய்ச்சொல்லில் இருத்திவிட்டு நானும் நாட்டைவிட்டு வெளியேறினேன். அவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்கள்தாம். பத்தாண்டு கடந்த பின், அந்த வீடு தமக்கே உரியது என்ற பேச்சு எழுந்தது. அவர்களை நான் வைய மாட்டேன். கதவில்லாத வீட்டுக்குக் கதவு போட்டவர்கள் அவர்கள். ஒரு கடிதமே எங்களைக் காத்தது. அந்தக் குடும்பத் தலைவர் ஒரு வருடப்பிறப்புக்கு என் தாயாருக்கு எழுதிய வாழ்த்தில், ‘உங்கள் வீட்டில் உங்கள் தயவால் இருக்கின்றோம்’ என்றொரு வரி இருந்தது. தாயார் அதனைச் சாமிப் படத்தின் பின்னால் வைத்திருந்தார். சட்டத்தரணி அந்த ஒரு வரியைத்தான் கேட்டார். வழக்கின்றி, அவர்கள் செய்த திருத்தச் செலவைக் கொடுத்து, விடயம் முடிந்தது.

போர்க்காலத்தில் வழக்குத் தொடுக்க முடியாதிருந்தவர்களின் பொருட்டு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை இந்தப் பத்தாண்டுக் கணக்கில் இருந்து விலக்குவது அதன் நோக்கம். அது தமது காணிக்குப் பயன்படுமா என்பதை ஒவ்வொருவரும் ஊரிலுள்ள சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும். 2009 க்குப் பின் ஓடிய ஆண்டுகளுக்கு அந்தச் சட்டம் குடை பிடிக்காது. எனவே ஊர் வீட்டில் இருப்பவரிடம் ஆண்டுதோறும் அனுமதிக் கடிதமொன்றைப் புதுப்பித்துக்கொள்வதை அவமதிப்பாக எவரும் கருதலாகாது. அது இருவருக்கும் பாதுகாப்பு.

ஊர் வீட்டை விற்க நினைப்பவர் மேலும் இரண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியில், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கூட்டுரிமையாளர்களுக்கும் உரித்தாளர்களுக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரக்கூடும். மற்றையது, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம். அது வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றப்படுவதைத் தடுக்கின்றது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், இரட்டைக் குடியுரிமை எடுக்காவிடின், இன்று விற்ற காணியை நாளை மனம் மாறித் திரும்ப வாங்க இயலாது. உரித்தாக வருவதற்கு விலக்கு உண்டு. விலைக்கு வாங்குவதற்கு இல்லை. லா கூர்நெவ் வீட்டை விற்றவர் மனம் மாறினால் அடுத்த தொகுதியில் இன்னொன்று வாங்கலாம். ஊர் வளவை விற்றவருக்கு அந்த வழி மூடப்பட்டுவிடும். அதற்காக விற்கவே கூடாது என்பதில்லை. விற்பவர் இதனை அறிந்து விற்க வேண்டும்.

முடிவாக

அன்பருக்கு நான் கூறிய விடை இதுதான். வெறும் வீட்டை ஓராண்டு சுமக்கப் பணம் இருக்குமாயின், இருக்கும் வீட்டில் தொடர்ந்து வாழ்வது ஒருவரின் உடல்நலத்தைக் கெடுக்குமாயின், முதலில் வெளியேறலாம். ஆனால் வீட்டை முதலிலேயே விற்பனைக்கு விட்டு, அதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தி, எவரையும் இருத்தாமற் பூட்டிச் செல்ல வேண்டும். இந்த வசதி இல்லாதவர் இருந்தபடியே விற்று, இரண்டு கையெழுத்துக்களுக்கு இடையிலான மூன்று மாதத்திற் பெட்டி கட்டுவதே நன்று. அச்சத்தால் ஆளை இருத்துவது இரண்டிலும் சேராத மூன்றாவது வழி. அந்த வழியைத்தான் எம்மவர் பலர் தெரிகின்றனர்.

அவர் இருந்தபடியே விற்றார். சென் எ மார்ன் வீட்டுக்காரர், முன்விற்பனை ஒப்பந்தத்தைக் கண்ணிற் கண்ட பின், காத்திருக்க இணங்கினார். மாமனார் மேலும் நான்கு மாதம் படிகளோடு போராட வேண்டியிருந்தது. அது இந்த முடிவின் விலை, அதை மறைப்பதற்கில்லை. மருமகன் மாமனுடனேயே புதிய வீட்டுக்குப் போனான். பயணச்சீட்டுப் பணம் கூடிவிட்டது. ஆனால் முகவரி மாற்றம் உரிய இடங்களுக்கெல்லாம் முதற் கிழமையிலேயே அறிவிக்கப்பட்டது.

கையெழுத்து நாளில் என்னையும் மொழிபெயர்க்க அழைத்திருந்தார். நொத்தேர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிய பின், அன்பர் பையிலிருந்து திறப்புக்களை எடுத்து எண்ணினார். மேல்வாசலுக்கு இரண்டு, தபாற்பெட்டிக்கு ஒன்று, நிலவறைக்கு ஒன்று. வாங்க வந்த இளம் தம்பதியரின் கையில் அவற்றை வைத்தார். மின்தூக்கி பழுதானால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் தமக்குத் தெரிந்த பிரெஞ்சிற் சொல்லிக்கொடுத்தார்.

வெளியே வந்து மெற்றோவுக்கு நடக்கும்போது அவர் சொன்னார்: “சேர், எங்கட குடும்பத்தில ஒரு வீட்டுத் திறப்பை இன்னொருத்தற்ற கையில குடுத்திட்டு வெளிக்கிட்டது இதுதான் முதல் தரம்.”

என் தந்தையாரின் திறப்பு இன்னும் தாயாரிடம் இருக்கின்றது. அது எந்தக் கதவையும் திறப்பதில்லை.